மிருகவதைக்கு அபராதம் வெறும் 50 ரூபாய்! விலங்கு நல அமைப்புகள் சட்டங்களை மாற்ற வைப்பது எப்படி? இதை மட்டும் ஏன் மாற்ற முடியவில்லை?

தெருநாயைக் கட்டையால் அடித்துத் துன்புறுத்திய ஒருவர் மீது வழக்குப் பதிவாகிறது. குற்றம் நிரூபணமாகித் தண்டனையும் கிடைக்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் முறை என்றால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய்.

ஆமாம், தப்பாகப் படிக்கவில்லை. வெறும் 50 ரூபாய்தான். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் அதே குற்றத்தைச் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் கட்டும் நாட்டில், 1960-ல் எழுதிய இந்தத் தொகை இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

ஆனால் இதே காலத்தில் சர்க்கஸிலிருந்து புலியும் சிங்கமும் காணாமல் போயின. அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பது தடையானது. டால்பின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி இல்லை என்றானது. ஜல்லிக்கட்டே சில ஆண்டுகள் நின்றுபோனது. இவற்றுக்குப் பின்னால் விலங்கு நல அமைப்புகளின் முயற்சி இருக்கிறது.

இவ்வளவு பெரிய மாற்றங்களைக் கொண்டுவர முடிந்தவர்களால் ஒரு 50 ரூபாயை ஏன் மாற்ற முடியவில்லை? இதற்கு விடை தெரிந்தால், நம் நாட்டில் சட்டங்கள் எங்கே, எப்படி மாறுகின்றன என்பதும் புரிந்துவிடும்.

லாபி என்றால் என்ன? அது சட்டவிரோதமா?

லாபி என்றதும் பெட்டியில் பணம் கைமாறும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது லஞ்சம், அது குற்றம். லாபி என்பது வேறு. ஒரு சட்டமோ விதியோ இப்படி இருக்க வேண்டும் என்று அமைச்சர், எம்.பி., அதிகாரி போன்றவர்களிடம் எடுத்துச் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைக்கும் முயற்சிதான் லாபி. மனு கொடுப்பது, ஆய்வறிக்கை தருவது, வரைவு எழுதிக் கொடுப்பது, எம்.பி. மூலமாக அவையில் கேள்வி எழுப்ப வைப்பது, கையெழுத்து இயக்கம் நடத்துவது எல்லாமே இதில் அடங்கும்.

வணிகர் சங்கமும் இதைச் செய்கிறது, விவசாயிகள் சங்கமும் செய்கிறது, பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. இந்தியாவில் இதைத் தடை செய்யும் சட்டம் கிடையாது. அதே நேரத்தில், யார் யாரைச் சந்தித்தார்கள், எதற்காக என்று பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டமும் கிடையாது. 2013-ல் லாபி விவரங்களை வெளியிட வைக்கும் தனிநபர் மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது. ஆனால் அது சட்டமாகவில்லை.

இது எங்கே தொடங்கியது?

இந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பவர் சென்னைக்காரர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது நடப்பில் இருந்தது 1890-ல் ஆங்கிலேயர் போட்ட சட்டம்.

பிரதமர் நேரு அந்த மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். விரிவான மசோதாவை அரசே கொண்டுவரும் என்று உறுதியும் கொடுத்தார். ருக்மிணி தேவி விட்டுக்கொடுத்தார். குழு அமைத்து, பல ஆண்டு பரிசீலனைக்குப் பிறகு 1960 டிசம்பரில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. பிறகு அது ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது.

இந்த வாரியத்துக்கு ஒரு முக்கியமான அம்சம் உண்டு. இதில் மக்களவையிலிருந்து 4 பேர், மாநிலங்களவையிலிருந்து 2 பேர் என 6 எம்.பி.க்கள் உறுப்பினர்கள். கூடவே விலங்கு நல அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. சட்டத்தில் என்ன திருத்தம் தேவை என்று அரசுக்கு ஆலோசனை சொல்வது வாரியத்தின் கடமைகளில் ஒன்று. அதாவது, மற்ற துறைகளில் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டிய அமைப்புகளுக்கு, இங்கே உள்ளேயே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது சட்டம்.

நாடாளுமன்றத்துக்குப் போகாமலே விதி மாறுவது எப்படி?

சட்டம் என்றால் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்துதான் மாறும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றும். அதைச் செயல்படுத்தும் விதிகளை எழுதும் அதிகாரத்தை அமைச்சகத்துக்குக் கொடுத்துவிடும். அமைச்சகம் வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, அரசிதழில் அறிவித்தால் விதி அமலுக்கு வந்துவிடும். அதை நாடாளுமன்றத்தின் முன் வைப்பார்கள். ஆனால் அதன் மேல் விவாதம் நடப்பது அபூர்வம்.

அனுபவமுள்ள அமைப்புகள் முதலில் போய் நிற்பது இந்த இடத்தில்தான். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

சர்க்கஸ் விலங்குகள்: 1960 சட்டத்தின் 22-வது பிரிவின்படி, எந்தெந்த விலங்குகளைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம். 1990-களில் வெளியான அறிவிக்கைகளால் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவை சர்க்கஸ் கூடாரத்தை விட்டு வெளியேறின. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட்டும் தடை நிலைத்தது.

டால்பின் கூடங்கள்: நாட்டின் சில நகரங்களில் டால்பின் பூங்கா அமைக்கத் திட்டங்கள் இருந்த நேரத்தில், விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து எதிர்ப்பு இயக்கம் நடத்தின. 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கு அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரே ஒரு சுற்றறிக்கையில் விஷயம் முடிந்தது.

அழகுசாதனச் சோதனை: சோப்பு, ஷாம்பு, கிரீம் வகைகளை முயல், எலி மேல் சோதிப்பதற்கு எதிரான பிரசாரத்தைத் தொடர்ந்து, மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2014 மே மாதம் தடை சேர்ந்தது. அப்படிச் சோதித்த வெளிநாட்டுப் பொருட்களை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு நவம்பரில் தடை வந்தது.

இந்த மூன்றுக்கும் நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவைப்படவில்லை.

உள்ளூரில் செய்து காட்டு, டெல்லியில் கேள்

இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஊரில் செய்து காட்டிவிட்டு, பிறகு அதையே நாடு முழுக்கக் கேட்பது.

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் மாநகராட்சியில் பல காலம் இருந்தது. கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடுவதே வழி என்று 1960-களிலிருந்து ப்ளூ கிராஸ் அமைப்பு சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல்தான். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அடுத்த ஐந்து ஆண்டில் அது தேசிய விதியானது. 2001-ல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வெளியாயின. அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' அமைப்பை நிறுவிய மேனகா காந்தி, அப்போது மத்திய அமைச்சரவையில் இருந்தார். விலங்கு நலத்துக்கான பொறுப்பும் அவரிடம் இருந்தது. கோரிக்கை வைக்கும் இயக்கத்திலிருந்து வந்தவரே முடிவெடுக்கும் இடத்திலும் இருந்தால், வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கோர்ட் மூலமாக அரசை நகர்த்துவது

அமைச்சகம் அசையவில்லை என்றால் அடுத்த கதவு நீதிமன்றம். பொதுநல வழக்குப் போட்டு, விதி எழுதும்படி அரசுக்கு உத்தரவு வாங்குவது.

நேபாளத்தில் காதிமாய் என்ற கோயில் திருவிழாவில் பெரும் எண்ணிக்கையில் கால்நடைகளைப் பலி கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து எல்லை தாண்டி விலங்குகளைக் கடத்துவதைத் தடுக்கக் கோரி, விலங்கு நல ஆர்வலர் கௌரி மௌலேகி 2014-ல் உச்ச நீதிமன்றம் போனார். கடத்தலைத் தடுக்க உத்தரவு கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. கால்நடைச் சந்தைகளை ஒழுங்குபடுத்த விதி வகுக்கும்படியும் அரசுக்கு நீதிமன்றம் சொன்னது. எல்லையில் நடக்கும் கடத்தல் பற்றிய வழக்கு, நம்ம ஊர் மாட்டுச் சந்தைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்?

2017 மே 23-ம் தேதி வெளியான கால்நடைச் சந்தை விதிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. சந்தையில் விற்கும் மாடு வெட்டுக்கு அல்ல என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். எருமை, ஒட்டகம் வரை இது பொருந்தும்.

பால் வற்றிய பசுவை, உழைத்து ஓய்ந்த எருதைச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து வேறு மாடு வாங்குவது சிறு விவசாயியின் கணக்கு. அந்தக் கணக்கு ஒரே இரவில் உடைந்தது. தோல், இறைச்சித் தொழில்களும் ஆடிப்போயின. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

ஜல்லிக்கட்டுக் கதையும் இதே மாதிரிதான் தொடங்கியது. சர்க்கஸ் புலியை வெளியேற்றிய அதே 22-வது பிரிவுப் பட்டியலில், 2011 ஜூலையில் காளையும் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் இதற்காக யாரும் ஓட்டுப் போடவில்லை. வாடிவாசலில் நிற்பவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. விலங்குகள் நல வாரியமும் பீட்டாவும் நடத்திய வழக்கில், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டமும் செல்லாது என்றானது.

2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை மூலம் விலக்குக் கொடுத்துப் பார்த்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அடுத்த பொங்கலுக்கு மெரினா நிரம்பியது. அதன் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று சட்டப்பேரவையில் மசோதா, மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

மத்திய சட்டத்தை மாநிலம் எப்படித் திருத்த முடிந்தது? விலங்கு வதைத் தடுப்பு, அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17-வது இனமாக இருக்கிறது. அதனால் மத்திய அரசும் மாநில அரசும் இதில் சட்டம் போடலாம். மாநிலத் திருத்தம் மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். அவ்வளவுதான். கர்நாடகாவும் மகாராஷ்டிராவும் கம்பளா, மாட்டு வண்டிப் பந்தயங்களுக்காக இதே வழியில் போயின. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலத் திருத்தங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இரண்டு சம்பவங்களிலும் தெரிவது இதுதான். அறிவிக்கை மூலமாகவும் நீதிமன்றம் மூலமாகவும் வரும் மாற்றம் வேகமாக வரும். ஆனால் அந்த விலங்கோடு வாழ்கிறவர்களிடம் பேசாமல் வந்தால், அதே வேகத்தில் திரும்பியும் போகும்.

சரி, அந்த 50 ரூபாய் ஏன் மாறவில்லை?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விதியை அமைச்சகம் மாற்றலாம். ஆனால் 50 ரூபாய் என்பது விதியில் இல்லை. சட்டத்தின் 11-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அறிவிக்கை போட்டு அதை மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் திருத்த மசோதா நிறைவேற வேண்டும்.

அமைப்புகளுக்கு இங்கே இருக்கும் வழிகள் இவைதான்.

முதல் வழி, தனிநபர் மசோதா. அமைச்சராக இல்லாத எம்.பி. யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இதற்கென்று நேரமும் உண்டு. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். ஆகவே இதன் உண்மையான பலன், விஷயத்தை அவைக் குறிப்பில் ஏற்றுவதும் அரசிடமிருந்து ஒரு பதிலை வாங்குவதும்தான். ருக்மிணி தேவி வாங்கியதும் அதைத்தானே.

இரண்டாவது வழி, நிலைக்குழு. அரசு மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பினால், அமைப்புகள் எழுத்து மூலம் கருத்துத் தரலாம், நேரில் சாட்சியமும் சொல்லலாம். இதிலும் வெற்றி நிச்சயமில்லை. 2022-ல் வனவிலங்குச் சட்டத் திருத்தம் வந்தபோது, வளர்ப்பு யானைகளை 'மதம் அல்லது வேறு எந்த நோக்கத்துக்கும்' இடம் மாற்றலாம் என்ற வரியை நீக்கும்படி விலங்கு நல அமைப்புகள் கேட்டன. 'வேறு எந்த நோக்கம்' என்பது யானை வியாபாரத்துக்கு வாசல் திறக்கும் என்பது அவர்கள் பயம். ஆனாலும் அந்த வாசகம் சட்டத்தில் இடம்பெற்றது.

மூன்றாவது வழி, அரசையே மசோதா கொண்டுவர வைப்பது. தண்டனை போதாது, நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்று 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 'இனி 50 ரூபாய் வேண்டாம்' என்று சமூக ஊடகப் பிரசாரங்களும் நடந்தன. 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. கொடூரமான வதை என்று தனிப் பிரிவு, அதற்கு 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, விலங்கைக் கொன்றால் ஐந்தாண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் அந்த வரைவு சட்டமாகவில்லை.

விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலை 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறியது. புதிய சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. இது ஒரு முன்னேற்றம். ஆனால் அடித்தல், பட்டினி போடுதல், சங்கிலியில் கட்டியே வைத்திருத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் போன்ற அன்றாட வதைகளுக்கு இன்னும் அதே 11-வது பிரிவுதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஓட்டுக்கு ஆதாயமும் இல்லை, அவசரமும் இல்லை. எதிர்க்க யாரும் இல்லாத விஷயம், ஆனால் நேரம் ஒதுக்கவும் ஆள் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அதிகம் எழுந்த கேள்வி இது. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ அரசியல் கட்சியோ வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் லாபிக்கு என்று எவ்வளவு செலவானது என்பது தனிக் கணக்காக வெளியே வராது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தொண்டு நிறுவனங்கள் லாபி செய்யலாம், ஆனால் அது அவற்றின் வேலையில் பெரும்பகுதியாக இருக்கக் கூடாது. அதற்குச் செலவழித்த தொகையை வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும். அதனால் பெரிய அமைப்புகள் அரசியல் வேலைக்கு என்றே தனிக் கிளை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாபி செய்பவர்களுக்கு என்று பொதுப் பதிவேடு இருக்கிறது.

வெளிப்படையாக நடந்தால் மட்டும் உடனே பலன் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கூண்டில் அடைத்து விலங்குகளை வளர்ப்பதை நிறுத்தக் கோரி ஐரோப்பாவில் சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2023-க்குள் சட்ட முன்மொழிவு கொண்டுவருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021-ல் வாக்குக் கொடுத்தது. அந்தக் கெடுவுக்குள் அது வரவில்லை.

எதிர்த்தரப்புக்கும் குரல் உண்டா?

தெருநாய் விவகாரத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி சுற்றுவட்டாரத்தின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கொதித்தன. 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு.

அந்த உத்தரவில் இன்னொரு விஷயமும் இருந்தது. வழக்கில் தங்கள் தரப்பைச் சொல்ல வந்த தனிநபர்கள் 25,000 ரூபாயும், தொண்டு அமைப்புகள் 2 லட்சம் ரூபாயும் டெபாசிட் கட்ட வேண்டும். நவம்பர் 7 அன்று வந்த அடுத்த உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றது நீதிமன்றம்.

நாய்க்காகப் பேச அமைப்பு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். நாய் கடித்து ஊசிக்காக அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் குழந்தையின் அம்மாவுக்கு அப்படி ஒரு அமைப்பு பெரும்பாலும் இல்லை. அதே மாதிரி, பால் பண்ணைக்கும் கோழிப்பண்ணைக்கும் வலுவான சங்கம் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் கோழிக்கு, அதற்காகப் பேசும் அமைப்பைத் தவிர யாரும் இல்லை. இரண்டுமே உண்மை.

நாம் என்ன செய்யலாம்?

மத்திய அரசின் வரைவு விதிகளும் மசோதாக்களும் கருத்துக்காக இணையத்தில் வெளியாகும்போது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதற்கு அமைப்பில் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. மாடு வளர்ப்பவர், நாய்க்கு உணவு வைப்பவர், நாய்க்கடிக்கு ஆளானவர் என எல்லோருடைய கருத்தும் அங்கே சமம். விலங்கு நலத்துக்குப் பொறுப்பான அமைச்சகம் இப்போது மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை. உங்கள் தொகுதி எம்.பி. இதுபற்றி அவையில் கேள்வி கேட்டாரா என்பதை நாடாளுமன்ற இணையதளத்தில் பார்க்கலாம். கேட்கவில்லை என்றால், கேட்கச் சொல்லி மனு கொடுக்கலாம். அதுவும் லாபிதான்.

விதி மாற டெல்லியில் ஒரு அறை போதும். சட்டம் மாற 543 தொகுதிகளிலும் யாராவது கேட்க வேண்டும். அந்த 50 ரூபாய் அறுபது ஆண்டுக்கும் மேலாகக் காத்திருப்பது அதற்காகத்தான்.